ஒரு எச் எழுத்தைக் கேட்க ராமச்சந்திராபுரம் போனது

அந்தத் திங்கட்கிழமை காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனைத் திறந்தேன். பார்க்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். வருகிற ஞாயிறு ராமச்சந்திராபுரத்தில் ஒரு பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்கான வெள்ளைக் கவுன் முக்கால்வாசி முடிந்து என் மேஜைமேல் கிடந்தது. அதன் கீழ் ஓரத்தில் குழந்தையின் பெயரை ஆங்கிலத்தில் நூலால் போட்டுத் தர வேண்டும். அந்தப் பெயரை எச் சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். "எச் உண்டா?" என்று சனிக்கிழமை சாயங்காலம் அதன் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். ஞாயிறு முழுவதும் கோயில், விருந்தாளி என்று போய்விட்டதால் பதிலைப் பார்க்கவில்லை.

திறந்தால் பதில் இல்லை. ஆப்பில் நான் வைத்திருக்கும் விற்பனைப் பக்கமே இல்லை. வெள்ளைத் திரையில் நாலு வரி: உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. இதைப் பயன்படுத்தப் பதின்மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும். தவறு என்று கருதினால் உங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்துங்கள்.

எனக்கு நாற்பத்தேழு வயது. இரண்டு முறை படித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோன வாசனை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

எனக்குக் கடை கிடையாது. திருமுல்கேரியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின், ஒரு மேஜை, துணி வைக்கும் பீரோ. குழந்தைகளுக்கான ஞானஸ்நானக் கவுன், முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கான கவுன், இவைதான் என் தொழில். மார்புப் பகுதியில் துணியைச் சின்னச் சின்ன மடிப்பாகக் கூட்டி அதன்மேல் கையால் பூத்தையல் போடுவேன். ஸ்மாக்கிங் என்பார்கள். படம் போடுகிற அந்த ஆப்பில் ஒரு பக்கம் வைத்து ஆறு வருடமாக விற்கிறேன். பார்க்கிறவர்கள் அங்கேயே செய்தி அனுப்புவார்கள். அளவு, நிறம், தேதி, விலாசம் எல்லாம் அந்தச் செய்திப் பெட்டிக்குள்தான். அளவை மட்டும் துணி வெட்டும் காகித அச்சில் எழுதி வைப்பேன். மற்றதை எழுதி வைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று மகள்தான் கண்டுபிடித்தாள். காலேஜ் போகிற அவசரத்தில் தலை வாரிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு நான் பேசும் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில்.

"மம்மி, அது ஏதாவது கேட்டுச்சா? நீ எதையாவது அமுக்கினியா?"

அதிசயமாகத் தமிழிலேயே கேட்டாள். அவளும் பதறிப்போயிருக்கிறாள் என்று அதிலேயே தெரிந்தது.

யோசித்துப் பார்த்தேன். போன வாரம் பிறந்த தேதியை உறுதி செய்யச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. பக்கத்தின் பெயரைப் போட்டு அதன் கீழே பிறந்த தேதி என்று இருந்தது. பக்கத்தின் பிறந்த நாள்தானே கேட்கிறது என்று நினைத்து, முதல் கவுனைப் படம் பிடித்துப் போட்ட தேதியைக் கொடுத்து, சரி என்று அமுக்கிவிட்டேன்.

அவள் சீப்பைக் கீழே போட்டாள். "அய்யோ மம்மி! எவரைனா அலா பெடதாரா?" யாராவது அப்படிப் போடுவார்களா என்று அடுக்கடுக்காகத் தெலுங்கில் திட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

என் கணவர் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர், பல் தேய்த்துக்கொண்டே கதையைக் கேட்டார். வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, "ஆறு வயசுப் புள்ள கையில கத்தரிக்கோல் குடுத்தது யாருன்னு கேஸ் போடாம விட்டானே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகம் மாறியது. "சரி சரி, ஆதார் போட்டோ கேக்குதுல்ல, அனுப்பு. அரை நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

ஆதாரைப் படம் பிடித்தேன். பளபளப்பு அடித்தது. ஜன்னல் ஓரம் கொண்டுபோய் இன்னொன்று பிடித்தேன். அனுப்பினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன். மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கவில்லை. எழுந்து துணி மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன். மத்தியானம் பதில் வந்தது: பெயர் பொருந்தவில்லை.

என் பெயர் எதோடும் பொருந்தியது கிடையாது. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்கும். ஆதாரில் கணவர் பெயர் பின்னால் வரும். பான் கார்டு எடுத்தபோது அங்கிருந்தவர் "இன்டிபேரு சொல்லுங்க" என்றார். தெலுங்குக்காரர்களுக்கு வீட்டுப் பெயர் உண்டு, எங்களுக்கு இல்லை என்றேன். கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று அப்பாவின் சொந்த ஊரை அதில் அடித்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்று எனக்குக் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. ஆக மூன்று அட்டையில் மூன்று பெண்கள். ஆப்பில் இருந்ததோ நாலாவது, கடைப் பெயர்.

மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அடுத்த கட்டம் வந்தது. முகத்தை வீடியோ எடுக்க வேண்டுமாம். திரையில் ஒரு வட்டம். அதற்குள் முகத்தை வைத்து இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, மேலே பார் என்றது. கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை. மே மாத வெக்கையில் மின்விசிறி சத்தம்கூடக் கெடுக்குமோ என்று அதை நிறுத்திவிட்டு எடுத்தேன். வேர்வை புருவத்தில் இறங்கியது. புதன் காலை பதில்: உங்களை உறுதிப்படுத்த முடியவில்லை.

எப்படி முடியும்? ஆறு வருடத்தில் என் முகத்தை அதில் போட்டதே இல்லை. கவுன், பொம்மை போன்ற குழந்தைகள், பூத்தையல், அதிகம் போனால் ஊசி பிடித்த என் விரல்கள். எதோடு ஒப்பிட்டுப் பார்த்தது என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமே. போன் நம்பர் தேடினேன், இல்லை. எழுதிக் கேட்டால் கேட்ட அடுத்த நொடியே நன்றி என்று பதில் வருகிறது.

மண் நகை செய்து விற்கும் தோழி ஒருத்தி லாலாகூடாவில் இருக்கிறாள். ரயில்வே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம், ஆனால் வாயைத் திறந்தால் பாதி உருது, வேண்டாம் என்பதற்குக்கூட நக்கோதான். அவளுக்கும் போன வருடம் இதே மாதிரி ஆனது. அவளைக் கூப்பிட்டேன்.

"யாராவது மீட்டுத் தரேன்னு மெசேஜ் பண்ணுவான், நக்கோ! அவன்கிட்ட பாஸ்வேர்ட் குடுத்த, எல்லாம் போச்சு" என்றாள்.

"புதுப் பக்கம் ஒண்ணு திறக்கட்டுமா?"

"நக்கோ நக்கோ. அதே போன்ல திறந்தா அதையும் மூடிருவான். எனக்கு ரெண்டு போச்சு. சும்மா உக்காரு."

"எத்தனை நாள் உக்காரணும்?"

"எனக்கு வரவேயில்லையே" என்றாள்.

அன்று மத்தியானம்தான் அந்தக் குழந்தையின் அம்மா, முகம் தெரியாத அந்தப் பெண், எனக்கு நினைவில் எழுந்தாள். அதுவரை என் பக்கம், என் படங்கள், என் ஆறு வருடம் என்றே ஓடிக்கொண்டிருந்தேன். அங்கே ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குக் கவுன் வரும் என்று காத்திருக்கிறாள். அவள் என் பக்கத்தைத் திறந்து பார்த்தால் நான் இல்லை. நான் அவளை ஏமாற்றிவிட்டு ஓடியதாகத்தானே நினைப்பாள்? எனக்கு அவள் போன் நம்பர் தெரியாது. விலாசம் கடைசியில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். படத்தின் இடத்தில் ஒரு சூரியகாந்திப் பூ வைத்திருந்தாள். ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப், ஞாயிறு ஒன்பது மணிப் பூசையில் ஞானஸ்நானம் என்று எழுதியது மட்டும் நினைவு இருந்தது. இன்னொன்றும் எழுதியிருந்தாள். பெயர் இல்லாத கவுன் கடையில் கிடைக்கும், பெயருக்காகத்தான் உங்களிடம் வந்தேன் என்று.

வியாழன் முழுக்கக் கவுனை முடித்தேன். ஓரத்தில் பெயருக்கு மட்டும் இடம் விட்டேன். எச் நடுவில் வரும் என்று என் மனதில் ஒரு கணக்கு இருந்தது, இருந்தாலும் ஊசியை வைக்கப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கவுனை மெல்லிய காகிதத்தில் சுற்றி, சின்ன வளையம், ஊசி, வெள்ளி நிற நூல் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கணவர் தடுத்தார். "அவ்வளவு பெரிய டவுன்ஷிப்ல போய் யாரைன்னு தேடுவ?"

"கோயில் ஒண்ணு இருக்கும்ல. அங்க கேப்பேன்."

"போன்லயே கேக்கலாமே."

"போன்ல நான் யாருன்னு சொல்றது?" என்றேன். அவர் செருப்பை எடுத்து வாசலில் போட்டுக் கொடுத்தார்.

செகந்திராபாத்தில் பஸ் மாறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆதாரைக் காட்டினால் போதும். கண்டக்டரம்மா என் அட்டையை அரை நொடி பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஜீரோ டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த அட்டையை நான் இன்னும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கூகட்பள்ளி நெரிசலில் பஸ் நகராமல் நின்றபோது இறங்கி நடக்கலாமா என்றுகூட இருந்தது. உட்கார முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் சீட்டை விட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள், என் கால் ஆட்டம் தாங்காமல்.

கோயில் அலுவலகத்தில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் இருந்தார். வயதான மனிதர், தெலுங்குக்காரர். ஞாயிறு ஞானஸ்நானம் உள்ள குழந்தைகளின் வீட்டு விலாசம் வேண்டும் என்று தெலுங்கில் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க எந்தக் குழந்தைக்குச் சொந்தம்?"

"சொந்தமில்லை. கவுன் தைக்கிறவள்."

"எந்த வீட்டுக்கு?"

"அதுதான் தெரியல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைகள் விலாசத்தை வழியில் வருகிறவளுக்கு யார் கொடுப்பார்? பையிலிருந்து கவுனை எடுத்து மேஜையில் விரித்தேன். குழந்தையின் பெயரைச் சொன்னேன். அவர் பதிவேட்டைத் திருப்பினார். தன் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார்.

"அம்மா, கவுன் ஏதாவது சொல்லியிருந்தீங்களா? இங்க ஒருத்தங்க வந்திருக்காங்க" என்றார் தெலுங்கில்.

தெலுங்கிலேயே பதில் சொன்ன பெண் குரல் மேஜைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. "அந்த ஃபிராடா? பக்கத்தை மூடிட்டு ஓடிட்டாங்க அங்கிள்! கோயில் பொம்பளைங்க குரூப்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்!"

என் காது சூடாகிவிட்டது. உபதேசியார் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஓடிப்போனவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க" என்றார்.

அவரே என்னை அந்தக் குவார்ட்டர்ஸ் வரை கூட்டிப் போனார். நடந்து பத்து நிமிடம். கதவைத் திறந்தது மாமியார். பின்னால் அந்தப் பெண், இடுப்பில் குழந்தை. மாமியார் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு உள்ளே திரும்பி மருமகளிடம் சொன்னார்: "பையைப் பாரு, எதையாவது விக்க வந்திருப்பா. காசு கேட்டா குடுக்காத."

தமிழ்! இரண்டு வாரமாக நானும் அந்தப் பெண்ணும் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தோம். சிஸ்டர், ப்ளீஸ், ஓகே, தேங்க் யூ.

"விக்க வரலம்மா" என்றேன் தமிழில். "சொன்னதைக் குடுக்க வந்தேன்."

மாமியார் கொஞ்சம் தடுமாறினார், ஆனால் விடவில்லை. "ஹவ், அப்படியா, தமிழ்க்காரங்களா? அப்பவும் எங்களுக்கு எப்படித் தெரியும்? கார்டு இருக்கா?"

கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள். "பேஜ்ல இந்தப் பேரு இல்லையே?"

"அது கடைப் பேரும்மா."

"கைக்கு அந்தப் பக்கம் மூடிப்போச்சு?" என்று மாமியார் கேட்டார். ஹைதராபாத் உருதுவில் கைக்கு என்றால் ஏன். பிறந்த தேதிக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. உபதேசியார் மட்டும் தலையாட்டினார், தமிழ் எவ்வளவு புரிந்ததோ.

அந்தப் பெண் தன் போனை எடுத்தாள். என் பெயர் இருந்த இடத்தில் காலி வட்டம் ஒன்று. ஆனால் செய்திகள் அப்படியே இருந்தன. மேலே தள்ளித் தள்ளிப் போனாள். திரையை என்னிடமிருந்து மறைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் முதல்ல என்ன கலர் சொன்னேன்?"

"கிரீம். வெள்ளைதான் போட்டோவுல நல்லா விழும்னு நான் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு சரின்னீங்க."

"கவுனுக்குக் கை எப்படி வேணும்னு சொன்னேன்?"

"பஃப் வேண்டாம்னீங்க. பாப்பாவுக்குக் கையில வேர்க்குரு."

அவள் போனைக் கீழே இறக்கினாள். முகம் சிவந்திருந்தது. "புதன்கிழமை வரைக்கும் பார்த்தேன் அக்கா. அப்புறம் செகந்திராபாத் போய் ரெடிமேட் வாங்கிட்டேன்."

அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "எச் உண்டா?" என்று கேட்டேன்.

"கடைசியில" என்றாள். "ஞாயித்துக்கிழமையே பதில் போட்டேனே."

நடுவில் என்று நினைத்து வியாழக்கிழமை போட்டிருந்தால் அவ்வளவுதான். வளையத்தைப் பொருத்தி அங்கேயே போட ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. மாமியார் முதலில் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டார். நான் முடிச்சை உள்பக்கம் மறைத்துக் கட்டியபோது, "இப்படி யார் பண்றா இப்பல்லாம்" என்று மருமகளிடம் சொன்னார், என்னிடம் அல்ல. குழந்தைக்குப் போட்டுப் பார்த்தோம். அளவு சொன்ன இரண்டு வாரத்தில் தேறியிருந்தது. முதுகுப் பக்கம் இறுக்கம். கொக்கிகளைப் பிரித்து விரற்கடை தள்ளித் தைத்துக் கொடுத்தேன். குழந்தை எழுத்துகளைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது.

கிளம்பும்போது என் கணவர் நம்பரையும் என் நம்பரையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். குரூப்பில் திருத்திச் சொல்லிவிடுவதாக அந்தப் பெண் சொன்னாள். மாமியார் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க, காலம் அப்படி" என்றார். தப்பாக நினைக்க எனக்கு என்ன இருக்கிறது? மூன்று அட்டை அனுப்பியும் நம்பாத ஓர் இடத்திலிருந்து வந்தவள் நான்.

ஞாயிறு ராத்திரி என் நம்பருக்கு இரண்டு படங்கள் வந்தன. கோயிலில் குழந்தை கடையில் வாங்கிய சாட்டின் கவுனில் இருந்தது. வாங்கியதை வீணாக்க வேண்டாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. சாயங்கால விருந்துப் படத்தில் என் கவுன். எச் எழுத்தின் மேல் பாயசம் சிந்தியிருந்தது. கணவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "போட்டிருக்குல்ல" என்றார். "போட்டிருக்கு" என்றேன். கோயில் படத்தை மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தேன். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் பிறந்து பள்ளிகள் திறந்த பிறகு ஒருநாள் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. எந்த அட்டையை ஏற்றார்கள், எந்த முகத்தை நம்பினார்கள் என்று சொல்லவில்லை. பொறுமைக்கு நன்றி என்று ஒரு வரி. உள்ளே போனால் அந்த வாரச் செய்திகள் வரிசையாகக் கிடந்தன. ஹாய் சிஸ்டர். எச் கடைசியில். பார்த்தீங்களா? சிஸ்டர்? ஆர் யூ தேர்? இதற்கா என்னை நம்ப வைத்தீர்கள்? எல்லாம் முடிந்துபோன விஷயம். இருந்தும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு படித்தேன். நான் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்த அதே மணியில் அவள் அங்கே தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைத் தவிர வேறு சிலரும் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் போட்டேன். இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் படித்தார்கள், பதில் இல்லை.

போன வாரம் புதிதாக ஒரு பெண் முதல் நன்மைக் கவுனுக்குக் கேட்டாள். கேட்ட கையோடு, "ஏமாற்று அதிகம், உங்க ஐடி அனுப்ப முடியுமா?" என்றும் எழுதினாள். ஒரு நிமிடம் கோபம் வந்தது. பிறகு அட்டையை அனுப்பாமல் வீட்டு வழியை எழுதி, வந்து பாருங்கள் என்றேன். வருவாள் என்று நினைக்கவில்லை. நேற்றுக் கணவரோடு வண்டியில் வந்து இறங்கினாள். பீரோவைத் திறந்து லேஸ் துணிகளை மேஜையில் பரப்பினேன். அவள் இரண்டு லேஸை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. புதிய இடத்திலிருந்து யாரோ உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறார், அது நீங்களா என்று கேட்டது. மகள் காலேஜிலிருந்து எனக்காக ஒரு படம் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தது நினைவு வந்தது. இருந்தும் அவளைக் கூப்பிட்டுக் கேட்காமல் அமுக்கத் துணியவில்லை. வகுப்பில் இருந்திருப்பாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வந்த பெண் லேஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒரு நிமிஷம்மா, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.